இல்லாத பேன் பெல்ட்டுக்குப் பணம் வாங்கியது தொடர்பான முறைப்பாடு

யாழ்ப்பாணம்,
2025.07.14

முகாமையாளர்,
வாகன சேர்விஸ் நிலையம்,
யாழ்ப்பாணம்.

ஐயா,

ஹைபிரிட் காரின் பிந்திப்போன பராமரிப்பு வேலைகள்: செய்யாத வேலைக்கும் இல்லாத பாகத்துக்கும் அறவிட்ட பணம்

கடந்த ஜூன் 28, சனிக்கிழமை, எனது ரொயோட்டா பிரியஸ் காரை உங்களிடம் விட்டேன். ஜூலை 1ஆம் திகதி 126,400 ரூபா கட்டி எடுத்துச் சென்றேன். பற்றுச்சீட்டின் ஏழாவது வரியில் "பேன் பெல்ட் மாற்றம், 9,500 ரூபா" என்று இருக்கிறது. என் காரில் பேன் பெல்ட் கிடையாது.

அறுந்து விழுந்துவிட்டது என்று சொல்லவில்லை. ஜப்பானில் செய்தபோதே வைக்கவில்லை. 2009இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறை பிரியஸில் தண்ணீர்ப் பம்ப் மின்சாரத்தில் ஓடுகிறது. ஏசி கொம்பிரசரும் ஸ்டியரிங்கும் அப்படியே. ஒல்டனேற்றர் என்ற ஒன்றே இல்லை. பெல்ட் போட்டுச் சுற்றுவதற்கு அந்த எஞ்ஜினில் வேலை எதுவும் மிச்சமில்லை. பொனற்றைத் திறந்து ஒரு தரம் எட்டிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அதனால்தான், என் காரின் பொனற்றை யாராவது திறந்தார்களா என்ற சந்தேகமே எனக்கு முதலில் வந்தது.

இந்தக் காரை 2021இல் வாங்கினேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்தார்கள். கிடைத்ததை வாங்கும் நிலைமை. 2022இல் எரிபொருள் வரிசை, கியூஆர் அட்டை, கிழமைக்கு 20 லீற்றர். கார் ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். உதிரிப்பாக விலையும் ரூபாயோடு சேர்ந்து எங்கோ போய்விட்டது. எஞ்ஜின் ஒயிலை மட்டும் மாற்றி ஒப்பேற்றிக்கொண்டு வந்தேன். மற்றதெல்லாம் பிந்திப்போனது என் பிழைதான், அதை மறைக்கவில்லை. இந்தப் பெப்ரவரியில் இறக்குமதி திறந்தது. வரியோடு சேர்த்து விலையைக் கேட்ட அன்றே, இருக்கிற காரையே ஒழுங்காக்குவது என்று முடிவெடுத்தேன். மீற்றரில் அப்போது 184,000 கிலோமீற்றர்.

எனக்குக் கார் வேலை தெரியாது, கணிதம் படிப்பிக்கிறேன். ஆனால் செய்யவேண்டியதை எல்லாம் வாசித்து, ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டுதான் உங்களிடம் வந்தேன். எஞ்ஜின் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்), இன்வேட்டர் கூலன்ட், கியர்ப்பெட்டி ஒயில், ஹைபிரிட் பற்றரியின் விசிறியைக் கழற்றித் துப்புரவாக்குதல், ஸ்பார்க் பிளக், இ.ஜி.ஆர். குளிர்விப்பான் (எஞ்ஜினுக்குள் திரும்பப் போகும் புகையைக் குளிர்விப்பது). கடைசியானதை வாசித்ததும் உங்கள் வரவேற்பில் இருந்த தம்பி, "அது டீசல் வாகனத்துக்குத்தான் ரீச்சர்" என்றார். இந்தப் பெற்றோல் எஞ்ஜினிலும் அது இருக்கிறது. வயதான காரில் கரி பிடித்து அடைக்கிறது என்பதற்காகத்தான் எழுதியே கொண்டுவந்தேன். சொன்னேன். "ஹைபிரிட் எல்லாம் உங்களுக்கு விளங்காது, விட்டுட்டுப் போங்கோ" என்றார். விட்டுவிட்டுப் போனேன்.

ஜூலை 3, வியாழன் காலை, கிளிநொச்சியில் உள்ள என் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பளை தாண்டும்போதே டாஷ்போர்டுக்குள் குடத்தில் தண்ணீர் வார்ப்பது போல ஒரு களகளப்பு. ஏசி சத்தமாக்கும் என்று நினைத்தேன். ஆனையிறவில் சிவப்பு வெப்ப விளக்கு எரிந்தது. இந்தக் காரில் வெப்பமானி முள் கிடையாது. சூடு ஏறுகிறது என்று முன்கூட்டித் தெரியாது. விளக்கு எரிந்தால் உடனே நிறுத்த வேண்டியதுதான். ஆனையிறவைத் தெரியும்தானே, இரண்டு பக்கமும் உப்புவெளி, ஒதுங்க ஒரு மரம் இல்லை. ஒவ்வொரு நாளும் ஸ்டார்ட் பண்ணியவுடன் ஜப்பானிய மொழியில் என்னவோ சொல்லும் அந்தப் பெண் குரலும் அன்று வாய் திறக்கவில்லை. முக்கால் மணித்தியாலம் வெயிலில் நின்றேன். முதல் இரண்டு பாடமும் போயிற்று.

கொக்குவிலில் வேறொரு கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனோம். அங்கிருந்த பொடியன் என்னையும் பக்கத்தில் நிற்கவைத்து ஒவ்வொன்றாகக் காட்டினான். எஞ்ஜின் கூலன்ட் தொட்டி அடி மட்டத்தில் கிடந்தது. நிரப்பிய பிறகு குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றவில்லை. அதுதான் அந்தக் களகளப்பு. மிஞ்சியிருந்த கூலன்டும் கழுவிய ரோஸ்மில்க் போல இருந்தது. றப்பர்க் குழாயில் சிந்திக் காய்ந்த இடத்தில் வெள்ளைப் படலம் கட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினான், சுண்ணாம்பு போலப் பொடிந்தது. "கிணத்துத் தண்ணி கலந்திருக்கினம் அக்கா" என்றான். யாழ்ப்பாணத்துக் கேத்தலின் அடியைப் பார்த்த யாருக்கும் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பற்றுச்சீட்டிலோ நீண்டகாலப் பாவனைக் கூலன்டின் விலை போட்டிருக்கிறீர்கள்.

இன்வேட்டருக்குத் தனித் தொட்டி, தனிச் சுற்று. பற்றரியின் 201.6 வோல்ட் நேர்மின்னோட்டத்தை 650 வோல்ட் வரை உயர்த்தி மோட்டருக்குக் கொடுக்கிற பெட்டி அது. சூடானால் கார் நடுவழியில் நின்றுவிடும். அதற்கும் பணம் வாங்கியிருக்கிறீர்கள். பழைய கூலன்ட் கோட்டுக்குக் கீழே அப்படியே இருக்கிறது.

அடுத்தது பற்றரி விசிறி. பின் இருக்கையின் ஓரத்தில் இருக்கும் வலைமூடி வழியாகக் காருக்குள் இருக்கும் காற்றை இழுத்துத்தான் அந்தப் பற்றரி தன்னைக் குளிர்விக்கிறது. விசிறியில் தூசு அடைத்தால் 28 பற்றரித் துண்டுகளும் வெந்து ஆயுளை இழக்கும். காரை உங்களிடம் விடுவதற்கு முதல் நாள் அந்த வலைமூடியைத் தொலைபேசியில் படம் எடுத்திருந்தேன். உள்பக்கம் சாம்பல் நிறப் பஞ்சு. அதன் நடுவே என் மகளின் சிவப்பு ஒட்டுப்பொட்டு ஒன்று. உங்களிடம் இருந்து வந்த பிறகும் பஞ்சு அதே பஞ்சு, பொட்டு அதே இடத்தில். 6,500 ரூபா "விசிறி கழற்றித் துப்புரவு" என்று நீங்கள் எழுதியிருப்பது எந்த விசிறியை என்று தெரியவில்லை.

கியர்ப்பெட்டிக்கு வருகிறேன். "சீவீடி ஒயில்" என்று போட்டிருக்கிறீர்கள். அது பெல்ட்டில் ஓடும் சீவீடி வகைக் கியர்ப்பெட்டிக்கு உரியது. ரொயோட்டா இதை இ-சீவீடி என்று அழைப்பதால் வந்த குழப்பமாக இருக்கலாம். உள்ளே சீவீடி பெல்ட் எதுவும் இல்லை (மறுபடியும் பெல்ட்!). இரண்டு மோட்டரும் ஒரு கோள்பற்சக்கரத் தொகுதியும்தான். அதற்கு ஊற்றவேண்டியது ஏரீஎஃப் டபிள்யூஎஸ் என்ற ரொயோட்டா கியர் ஒயில். பயந்துபோய்க் காரை உயர்த்திப் பார்த்தோம். வடிகால் போல்ட்டில் பழைய சேறு இறுகிக் காய்ந்து கிடந்தது, ஸ்பனர் பட்ட அடையாளமே இல்லை. பணத்தை வாங்கிக்கொண்டு பிழையான ஒயிலை ஊற்றாமல் விட்டிருக்கிறீர்கள். இந்த ஒரு விடயத்தில் மட்டும் நீங்கள் வேலை செய்யாதது என் அதிஷ்டம்.

ஸ்பார்க் பிளக் நான்கும் புதியவை, சரியானவை. எஞ்ஜின் ஒயிலிலும் குறை இல்லை. அவற்றின் பணத்தை நான் கேட்கவில்லை.

ஜூலை 5ஆம் திகதி நேரில் வந்தேன். "போர்மன் இல்லை, திங்கள் வாங்கோ" என்றீர்கள். திங்கள் வந்தேன். கணினியில் எல்லாக் காருக்கும் ஒரே சேர்விஸ் பட்டியல்தான் இருக்கிறது, பேன் பெல்ட் அதில் தானாக விழுந்திருக்கும் என்று போர்மன் சொன்னார். அப்படியென்றால் உங்களிடம் வந்துபோன எத்தனை ஹைபிரிட் கார்க்காரர் இல்லாத பெல்ட்டுக்குப் பணம் கட்டியிருப்பார்கள்?

நான் கேட்பவை இவைதான். பேன் பெல்ட், இரண்டு கூலன்ட், விசிறித் துப்புரவு, கியர்ப்பெட்டி ஒயில் ஆகியவற்றுக்கான 58,700 ரூபாவையும் காரை இழுத்த செலவு 8,000 ரூபாவையும் இந்த மாதம் 31ஆம் திகதிக்கு முன் திருப்பித் தாருங்கள். அந்த வேலைகளை உங்களிடம் மறுபடி விடமாட்டேன். சூடேறியதால் எஞ்ஜின் ஹெட் காஸ்கற்றில் (எஞ்ஜினின் மேல்பகுதி கசியாமல் அடைக்கும் தகட்டில்) சேதம் இருக்கிறதா என்று சோதித்தோம், இப்போதைக்குத் தப்பியிருக்கிறது. ஆறு மாதத்துக்குள் அதில் கசிவு வந்தால் பொறுப்பேற்பதாக எழுத்தில் தரவேண்டும். கழற்றியதாகச் சொல்லும் பழைய பேன் பெல்ட்டையும் தாருங்கள். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்க எனக்கு உரிமை உண்டு, பார்க்க ஆசையும் உண்டு.

பதில் இல்லாவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு இதே கடிதத்தை இணைப்புகளோடு அனுப்புவேன். பிரதியை ஏற்கெனவே எடுத்துவைத்துவிட்டேன்.

பற்றுச்சீட்டில் என் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு எடுங்கள். அதற்கு முன் வகுப்பில் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பற்றுச்சீட்டின் பிரதி, வலைமூடியின் இரண்டு படங்கள் (ஜூன் 27, ஜூலை 3), வடிகால் போல்ட்டின் படம், கொக்குவில் கராஜின் சோதனைக் குறிப்பு, காரை இழுத்த பற்றுச்சீட்டு.