பிரம்புக் கூடையை 'செரோக்கி கூடை' என்று விற்றது பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மா,

போன மாதம் உங்கள் இணையக் கடையில் 380 டாலர் கொடுத்து ஒரு கூடை வாங்கினேன். அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கியர் முடைந்தது என்று தோன்றும்படி, 'செரோக்கி இரட்டைப் பின்னல், ரிவர்கேன், இயற்கைச் சாயம்' என்று போட்டிருந்தீர்கள். வந்த கூடையில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

தூசி போக ஈரத்துணியால் துடைத்தேன். துணியெல்லாம் ரிப்பன் சிவப்பு. செரோக்கியர் சாயத்துக்குப் பயன்படுத்தும் பிளட்ரூட் என்ற செடியின் கிழங்கோடு கொதிக்கவைத்த பட்டை ஆரஞ்சு நிறத்துக்குத்தான் வரும். அப்புறம் அடியில் வெட்டுமுனையைப் பார்த்தால், பொடிப்பொடியாகத் துளைகள். இது பிரம்பு. ரிவர்கேன் மூங்கில் இனம்; தண்டு உள்ளே வெற்றுக்குழாயாக இருக்கும். அதைப் பிளந்து, உள்பக்கத்தைச் சீவி எறிந்துவிட்டு, பளபளப்பான மேல்தோலை வைத்து முடைவார்கள். வட கரோலினாவில், செரோக்கி ஊரில், ஓர் அம்மா தொடையில் தோல்துண்டை விரித்து, கத்திக்கும் அதற்கும் நடுவே பட்டையை இழுத்து இழுத்துச் சீவுவதை அரை மணி நேரம் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். ஒரு பட்டைக்கே அவ்வளவு பாடு!

இரட்டைப் பின்னல் என்றால் அடியில் தொடங்கி உள்சுவரை மேலே முடைந்து, விளிம்பில் அதே பட்டைகளை மடக்கி, வெளிச்சுவராகக் கீழே இறக்கி முடிப்பது. எங்கும் ஒட்டு இருக்காது. நீங்கள் அனுப்பியதன் விளிம்பை லேசாக நெம்பினேன். ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு கூடைகள், நடுவில் பசை.

இந்தப் பின்னல் அற்றுப்போகும் நிலையில் இருந்தபோது, லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள பழைய கூடையின் படத்தைப் பார்த்து அதைக் கற்று, மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர் லாட்டி ஸ்டாம்பர் என்ற செரோக்கிப் பெண். அப்படி மீட்ட கலையின் பெயரைப் பசை வைத்த கூடைக்குச் சூட்டியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தொலைபேசியில் கேட்டதற்கு, "அது செரோக்கி பாணி" என்றார் உங்கள் ஊழியர். விளம்பரத்தில் 'பாணி' என்ற சொல்லே இல்லை. பழங்குடியினர் செய்யாததை அவர்கள் செய்தது போலக் காட்டி விற்பது அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டு இந்தியக் கலை, கைவினைச் சட்டப்படி குற்றம் ('இந்திய' என்பது இங்கே அமெரிக்கப் பழங்குடியினரைக் குறிக்கும்).

முழுப் பணத்தையும் 15 நாளுக்குள் திருப்பித் தாருங்கள். விளம்பரத்திலிருந்து செரோக்கி பெயரை எடுங்கள். இதே கூடையை வாங்கிய மற்றவர்களுக்கும் உண்மையைத் தெரிவியுங்கள். இல்லையென்றால் இந்தியக் கலை, கைவினை வாரியத்தில் புகார் கொடுப்பேன்.

பில், படங்கள், சாயம் ஏறிய துணியின் படம் எல்லாம் இணைத்திருக்கிறேன். கூடை என்னிடம் இருக்கிறது. உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்