யாங்சிக் கரையில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

சீனத்தில், ஹான்கோவில் குடியிருந்துகொண்டு, யாங்சி ஆற்றைக் கடந்து வூச்சாங்கில் உள்ள ஆய்வகத்துக்குப் போய்வருவதிலேயே பாதிப் பொழுது கழிந்துவிடுவதாக எழுதியிருந்தாய். ஒரே ஊரை எதற்காக மூன்று துண்டாக வைத்திருக்கிறார்கள் என்றும் கேட்டிருந்தாய். ஹான்கோ, வூச்சாங், ஹான்யாங் ஆகிய மூன்றும் தனித்தனி ஊர்களாகவே வளர்ந்தவை, அம்மா. வூஹான் என்று ஒரே நகரமாக இணைத்தது 1927இல்தான்.

இவற்றில் நீ குடியிருக்கும் ஹான்கோதான் கடைசியாகப் பிறந்தது. வடமேற்கிலிருந்து வரும் ஹான் ஆறு, முன்பு ஹான்யாங்கில் உள்ள ஆமைக் குன்றுக்குத் தெற்கே யாங்சியில் கலந்துகொண்டிருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மிங் அரசர் காலத்தில், அது அந்தத் தடத்தைக் கைவிட்டுக் குன்றுக்கு வடக்கே புதிய முகத்துவாரத்தை அமைத்துக்கொண்டது. யாங்சியின் வேகத்துக்கும் அலைக்கும் ஒதுங்கிப் படகுகள் நிற்கத்தக்க இடம் அங்கே கிடைத்ததால், அதுவரை ஹான்யாங்கின் ஓரத்தில் சதுப்பாகக் கிடந்த தாழ்நிலம் சந்தையாக மாறியது. சிச்சுவானிலிருந்து யாங்சி வழியாகவும், ஹூனானிலிருந்து தோங்திங் ஏரி வழியாகவும், ஷென்சியிலிருந்து ஹான் வழியாகவும் வந்த சரக்குகள் அங்கே கைமாறின. நிர்வாகம் மேடான வூச்சாங்கில் இருக்க, பணம் பள்ளமான ஹான்கோவில் புரண்டது. 1861இல் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்ட பிறகே ஹான்கோ வளர்ந்ததாகச் சிலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை. அதற்கு முன்பே அது சீனத்தின் நான்கு பெரும் வணிக ஊர்களில் ஒன்றாக எண்ணப்பட்டது. ஆற்றங்கரையில் நீ பார்க்கும் ஐரோப்பியக் கட்டடங்களும், ரஷ்யர் நடத்திய தேயிலைக்கட்டி ஆலைகளும், ஏற்கெனவே நடந்துவந்த வணிகத்தைத் தேடி வந்தவையே.

கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருந்தும், கோடைப் பெருக்கில் கடற்கப்பல்கள் அவ்வூர்வரை வந்தன. குளிர்காலத்தில் நீர் வெகுவாக இறங்கிவிடுவதால் சிறிய கப்பல்களே போதும் என்று இருக்க வேண்டியிருந்தது. கப்பலைக் கொண்டுவந்த அதே பெருக்குதான் ஊரையும் மூழ்கடித்தது. ஆளுநர் சாங் சிதோங் 1905இல் கட்டுவித்த நீண்ட கரை, ஹான்கோவின் பின்புறச் சதுப்பைக் குடியிருப்பு நிலமாக்கியது. 1931 வெள்ளத்திலோ கரைகள் உடைந்து, ஹான்கோ வாரக்கணக்கில் நீருக்குள் கிடந்தது. 1954இல் அதைவிட உயர்ந்த நீர் வந்தும், ஆற்றின் மேற்பகுதியில் வெள்ளத்தைத் திருப்பிவிட்டும் கரைகளை இரவுபகலாக உயர்த்தியும் நகரைக் காத்தார்கள்.

நீ கடக்கும் யாங்சி பிரித்த கரைகளை இணைக்க, 1957வரை பாலமே இல்லை. பெய்ஜிங்கிலிருந்து வந்த ரயில் 1906இலேயே ஹான்கோவை எட்டியும், தெற்கே போக ரயில்பெட்டிகளைப் படகில் ஏற்றித்தான் கடத்தினார்கள். ஆமைக் குன்றும் எதிர்க்கரைப் பாம்புக் குன்றும் நெருங்கி நின்றதால்தான் முதல் பாலம் அங்கே அமைந்தது. ஆனால் அந்தப் பாலத்துக்கும் ஆற்றின் கீழ்ப்பகுதியில் நான்ஜிங்கில் பின்னர் வந்த பாலத்துக்கும் அடியில் உயரமான கப்பல்கள் நுழைய இயலாது. பெரிய சரக்குப் பெட்டகங்கள் இப்போது ஆற்றோட்டத்தில் நகருக்குக் கீழே உள்ள யாங்லோவில்தான் இறங்குகின்றன. துறைமுகம் ஊரை விட்டு நகர்ந்துவிட்டதை அங்குள்ளவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
அப்பா