அருச்சுனன் திக்கினபோது பொறுத்திருந்தவர்களுக்கு

போன சனி இரவு எங்கள் கோயில் முன்றலில், பாட்டும் ஆட்டமுமாக விடியவிடிய நடக்கும் வடமோடிக் கூத்து அரங்கேறியது. அருச்சுனன் வேஷம் கட்டியவன் நான். ஆட்டத்தைப் பற்றி நல்லதும் கெட்டதும் எல்லாரும் சொல்லிவிட்டீர்கள். இந்த மடல் வேறொன்றுக்கு.

எனக்குத் திக்குவாய். ஊருக்கே தெரியும், தெரியாது என்று நடித்துக்கொண்டிருந்தவன் நான் மட்டும்தான். மட்டக்களப்பில் பஸ் ஏறினால் 'களுவாஞ்சிக்குடி' என்ற சொல் தொண்டையில் நின்றுவிடும். அதற்கு அடுத்த ஊரான 'ஓந்தாச்சிமடம்' லேசாக வரும். ஆகவே ஓந்தாச்சிமடத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு களுவாஞ்சிக்குடியில் இறங்குவேன். எத்தனை வருஷம் கூடக் காசு கொடுத்தேனோ! கடையில் 'பருப்பு' வராத நாளில் வீட்டில் கடலைக்கறி.

எங்களுக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் ஐயாவுக்கு முதல் நன்றி. சட்டம் கொடுத்த அன்று, அதுதான் வேஷத்துக்குரிய பாட்டையும் வசனத்தையும் ஆளாளுக்குப் பிரித்துக் கொடுத்த அன்று, சேவகன் வேஷம் போதும் என்று கெஞ்சினேன். 1978 நவம்பர் சூறாவளியில் கூரை பறந்த இரவு, கூத்துக் கொப்பியை நெல்லுப் பெட்டிக்குள் போட்டு அதன்மேலேயே படுத்துக்கிடந்த மனிதர் அவர். அவரிடம் என் பேச்சா எடுபடும்? "பாட்டுல திக்காது மனே" என்றார். உண்மைதான், பாடும்போது எனக்குத் திக்காது. வசனம்? "திக்கினா திக்கட்டும். விடியுமட்டும் நேரம் கிடக்குதுதானே."

ஆஸ்பத்திரியில் பேச்சுச் சிகிச்சை தரும் தங்கச்சிக்கும் நன்றி. வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குத் திக்குமாம். "திக்கிறதை விட மறைக்கிறதுலதான் நீங்க களைச்சுப் போறீங்க அண்ணா. முதலே சொல்லிருங்க" என்றா. சொல்லிப் பார்த்தேன். முதல் கடைக்காரர் கதிரையை இழுத்துப் போட்டு, "இருந்து ஆறுதலா சொல்லுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கிருஷ்ணராக ஆடிய தம்பிக்குத் தாளம் பிடிபடாது. இரவிரவாக நான் அவனுக்கு ஆட்டம் காட்டினேன். அவன், என் வசனம் முடியுமட்டும் கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்து நிற்கப் பழகினான்.

அரங்கேற்றத்தன்று 'கிருஷ்ணா' என்று கூப்பிடும் இடம் வந்தது. 'கி'யில் நின்றுவிட்டேன். பிற்பாட்டுக்காரர் எடுத்துக் கொடுக்கவில்லை. மத்தளம் தட்டி மூடவில்லை. சல்லரித் தாளம் அப்படியே கையில் நின்றது. முன்னால் பாயில் இருந்த பெரியம்மா வெற்றிலை இடிப்பதைக்கூட நிறுத்திவிட்டா. எவ்வளவு நேரமோ தெரியாது. சொல் வந்தது. பெரியம்மா திரும்ப இடிக்கத் தொடங்கினா. பெரியம்மா, அந்த உரல் சத்தத்துக்குத்தான் இந்த மடலே.

அப்புறம் மருதமுனைத் தையல்காரக் காக்கா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். உடுப்புத் தைத்த கூலியில் பாதியை வாங்க மறுத்துவிட்டார். காக்கா, வாற வெள்ளி பின்னேரம் காசோடு வருகிறேன். பஸ்ஸில் 'மருதமுனை' என்றே டிக்கெட் கேட்பேன். கொஞ்சம் சுணங்கினால் கடையைப் பூட்டிவிடாதீர்கள்.