சித்தப்பா விஷயமாக

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய வீடியோவை அம்மாவும் நானும் பார்த்தோம். நினைவு திரும்பாமல் கிடக்கிற சித்தப்பா, மூளைக்கு மின்சாரம் கொடுத்தால் எழும்பிவிடுவார், லோன் போட்டாவது சென்னைக்குக் கொண்டு போவோம் என்கிறாய். சல்லியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அதில் சொல்கிற, 2007இல் வெளிவந்த அந்த அமெரிக்கக்காரர் கதை உண்மைதான். மண்டையில் அடிபட்டு ஆறு வருஷம் கிடந்த 38 வயது ஆள், மூளையின் நடுவிலுள்ள தலாமஸில் கம்பி வைத்து மின்சாரம் கொடுத்த பிறகு சில வார்த்தைகள் பேசினார், வாயால் சாப்பிட்டார். ஆனால் அவர் அதற்கு முன்பே இடைக்கிடை கண்ணசைத்துப் பதில் காட்டியவர். சித்தப்பாவிடம் அப்படி இன்னும் ஒன்றும் தெரியவில்லை, இரண்டும் ஒன்றல்ல என்று கண்டியில் வார்டு டொக்டரும் சொன்னார்.

அதற்காக அவருக்கு ஒன்றுமே கேட்காது என்று நான் நம்பவில்லை. 2006இல் இங்கிலாந்தில், உணர்வே இல்லை என்று விட்டிருந்த ஒரு பெண்ணிடம் டென்னிஸ் விளையாடுவதாக நினைக்கச் சொன்னபோது, அவள் மூளை நம் மூளை மாதிரியே வேலை செய்ததை ஸ்கேனில் கண்டார்கள். 2024இல் வந்த பெரிய ஆய்வில், சொன்னதற்கு அசையாத நோயாளிகளில் நாலில் ஒருவருக்கு இப்படி இருந்திருக்கிறது. அதனால்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று "இனி என்ன இருக்கு" என்று பேசுகிற சொந்தக்காரர்களை நான் வெளியே அனுப்பிவிடுகிறேன்.

என்னை உறுத்துவது வேறு. பாதி எழும்பினால்? தோட்டத்தில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் தொரைக்கு முன்னால் நின்று நாள் பேருக்காக, அதாவது முழு நாள் சம்பளத்துக்காக, வாதாடிய மனுசன், கை கால் வராமல், சித்திதான் துடைத்து விடுகிறாள் என்று தெரிந்துகொண்டே கிடக்க வேண்டும். அப்படியாவது பிள்ளைகள் முகத்தைப் பார்த்தால் போதும் என்று அவர் நினைக்கலாம், நினைக்காமலும் இருக்கலாம், நமக்குத் தெரியாது. அவருக்காக நாம் கையெழுத்துப் போடும்போது நம்முடைய ஆசையை அவருடையது என்று எழுதிவிடக் கூடாது மகன். அதே மாதிரி, கஷ்டப்படுவார் என்று நாமே முடிவு கட்டி வழியை அடைப்பதும் சரியில்லை. எங்கே வலிக்கிறது என்று காட்ட ஒரு விரல் அசைந்தாலே அது பெரிய விஷயம்.

அந்த விரல் அசைந்தால் முதலில் கேட்க வேண்டியது, இதைத் தொடரட்டுமா என்பதுதான். அவர் வேண்டாம் என்றால் அந்த மின்சாரம் கொடுக்கிற மெஷினை நிறுத்த வேண்டும். அதற்கு நீ தயாரா? யோசித்துப் பார்.

லோனுக்கு இப்போது எழுதிக் கொடுக்காதே. முதலில் சித்தியிடம் பேசு. அப்பாயி படுக்கையில் கிடந்த காலத்தில் சித்தப்பா என்னென்ன சொன்னார் என்று அவளுக்குத்தான் தெரியும். ஞாயிறு அந்திக்கு அவள் வீட்டில் இருப்பாள், அப்போது கோல் எடு.

அப்பா