தருமபுரி மாவட்டக் குழந்தைகள் இல்லப் பணியாளர்கள் கூட்டத்தில் வாசிக்கப்பட்ட செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், அரூர், பென்னாகரம், பாலக்கோடு பகுதிகளிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சந்தா, வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வாண்டுக் கூட்டங்களில் நாம் அதிகம் பேசியது, இல்லத்துக்குள் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டால் நம் கடமை என்ன என்பதைப் பற்றித்தான். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் பெற்றோர் நம்மை நம்பி விட்டுச் செல்லும் பிள்ளைகள் இவர்கள்.

அரூர் கூட்டத்தில், இரவுப் பணியில் இருக்கும் உறுப்பினர் ஒருவர், "இரண்டுமே நாம் வளர்க்கும் பிள்ளைகள். ஒன்றுக்காக இன்னொன்றைப் போலீஸில் பிடித்துக் கொடுப்பதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்று வந்திருந்த வழக்கறிஞர் பொறுமையாக விளக்கினார்.

குற்றம் நடந்தது தெரிந்தால் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தகவல் தர வேண்டும் என்கிறது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19-ஆவது பிரிவு. செய்தவரும் 18 வயதுக்கு உட்பட்டவர் என்பதால் இந்தக் கடமை நீங்காது. சமையலர் முதல் கண்காணிப்பாளர் வரை, தெரிந்தவர் எவரோ அவர் பொறுப்பு. மேலாளரிடம் சொல்லிவிட்டேன் என்று ஒதுங்க முடியாது. தவறினால் 21-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. விடுதி, இல்லப் பொறுப்பாளர்களின் இந்தக் கடமையை 2013-இல் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியிருக்கிறது.

தவறிழைத்த பிள்ளையை, போக்சோ சட்டத்தின் 34-ஆவது பிரிவு, சிறார்களுக்கென உள்ள இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் கொண்டுவருகிறது. அவனை லாக்கப்பில் அடைக்கக் கூடாது; பெயர் வெளிவரக் கூடாது. 16 வயது நிரம்பியவர் கொடுங்குற்றம் செய்திருந்தால் நடைமுறை வேறுபடும். அவனிடமே முன்பு யாரேனும் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டிருக்கலாம். மூடி மறைத்தால் அதுவும் சேர்ந்தே புதைந்துபோகும்.

எந்த இல்லம் என்று சொல்லமாட்டேன். ஒரு சிறுவன் இரவானால் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து சமையலறை வாசலில் படுத்தான். பதிவேட்டில் 'சொல் பேச்சுக் கேட்பதில்லை' என்று எழுதியிருந்தார்கள். சமையல் அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் கண்ணு இங்கே படுக்கிறாய் என்று கேட்டார். அவன் சொன்னதை மேற்கொண்டு துருவாமல், அன்றைக்கே காவல் நிலையத்துக்குப் போய்த் தகவல் கொடுத்தார். நம் உறுப்பினர்களில் நான் பெருமையோடு குறிப்பிட விரும்புபவர் அவர்.

ஆனால் வேறு சில இடங்களில் இரு பிள்ளைகளையும் எதிரெதிரே நிறுத்தி விசாரிப்பதும், மன்னிப்புக் கேட்கவைத்து முடிப்பதும், பெற்றோரை வரவழைத்துப் பஞ்சாயத்துப் பேசுவதும் இன்னும் நடக்கின்றன. இதை நான் கடுமையாகவே கண்டிக்கிறேன். புலன்விசாரணை நம் வேலை அன்று. தகவல் பெற்ற காவல் துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். நாம் தாமதித்தால் அந்த ஏற்பாடு எதுவும் தொடங்காது.

இரவில் ஒரே ஆளை வைத்துக்கொண்டு பல அறைகளைக் கவனிக்க இயலாது என்று உறுப்பினர்கள் சொல்வது உண்மை. கூடுதல் இரவுப் பணியாளர் கேட்டு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு மனு அளிக்கும் தீர்மானத்தை இக்கூட்டத்தின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.