மூட்டை உப்பு எங்கே போகும்?

நம் குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். வரும் ஞாயிறு பொதுக்குழுவில் வளாகம் முழுவதற்கும் ஒரே சாஃப்ட்னர் (கடின நீரை மென்மையாக்கும் சாதனம்) வைக்கத் தீர்மானம் வருகிறது. நம் கோவையில் சிறுவாணித் தண்ணீர் குடித்த நாக்குக்கு நம் போர்வெல் தண்ணீர் எப்படி இருக்கும் என்பது எனக்கும் தெரியும். மூன்று வருடத்தில் என் வீட்டு கீசரின் சூடேற்றும் கம்பிச்சுருள் இரண்டு முறை போய்விட்டது. கழற்றிப் பார்த்தால் விரல் கனத்துக்குச் சுண்ணாம்பு. இந்தத் தண்ணீரில் பருப்பும் வேகாது, சோப்பும் நுரைக்காது.

ஆனாலும் கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

சாஃப்ட்னரில் உள்ள ரெசின் என்ற சிறு மணிகள், தண்ணீரைக் கடினமாக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. அதனால் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு, ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். நம் தண்ணீர் ஆய்வறிக்கைப்படி கடினத்தன்மை (கால்சியம், மக்னீசியத்தின் அளவு, கால்சியம் கார்பனேட் கணக்கில்) லிட்டருக்கு 600 மி.கி. குடிநீருக்கு இந்தியத் தரம் ஏற்பது 200. வேறு வழியே இல்லாத இடத்தில்தான் 600 வரை. இதை முழுக்க நீக்கினால் லிட்டருக்குச் சுமார் 276 மி.கி. சோடியம் கூடும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடும் பெரியவர்கள் நம்மில் எத்தனை பேர்! சமையலறைக் குழாய்க்கு அந்தத் தண்ணீர் வரவே கூடாது. செடிகளுக்கும் வேண்டாம்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை, ரெசின் பிடித்ததை நீக்கி அதை மீண்டும் வேலை செய்ய வைக்க, அதைக் கழுவும் உப்புத் தண்ணீர். தினம் 20,000 லிட்டர் மென்மையாக்க, வேதியியல் கணக்குப்படியே 14 கிலோ உப்பு வேண்டும்; நடைமுறையில் இன்னும் கூடும். மாதத்துக்கு 400 கிலோவுக்கு மேல். வரைபடத்தில் அந்தக் கழிவு மழைநீர் வடிகாலில் விடப்படுகிறது. அந்த வடிகால் முடிவது நம் போர்வெல்லுக்குப் பக்கத்தில், மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் உறிஞ்சுகுழியில். காசு கொடுத்து வாங்கிய உப்பை நாமே நம் போர்வெல்லுக்குள் இறக்குகிறோம். நம் பேரப் பிள்ளைகளும் இதே போர்வெல்லைத்தானே நம்பி இருக்கப் போகிறார்கள்?

குளியலறை கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் போகும் குழாயில் மட்டும் சிறிய சாஃப்ட்னர் போதும். உப்பின் அளவு பல மடங்கு குறையும். அதன் கழிவும் மண்ணுக்குள் இறங்காமல் தனிக் குழாயில் போகட்டும். சமையலுக்குச் சிறுவாணித் தண்ணீர் இருக்கிறது.

உறிஞ்சுகுழிகள் இரண்டும் மண் மூடிக் கிடக்கின்றன. ஐப்பசி மழைக்கு முன் தூர் வாரினால் நல்ல தண்ணீர் கீழே இறங்கும். ஆள் கூப்பிட்டு நின்று பார்த்துக்கொள்ள நான் தயார். ஞாயிறன்று தீர்மானத்துக்கு முன் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பி பிளாக் குடியிருப்பாளர்