கோட் ஜெனரேட்டர்களைப் பராமரிப்பவர்களுக்கு: தேதியைத் தேதியாகவே விடுங்கள்

வணக்கம்.

ஓப்பன்ஏபிஐ கோப்பில் (ஒரு ஏபிஐ எந்தத் தரவை வாங்கும், எதைத் தரும் என்று விவரிக்கும் கோப்பு; அதை வைத்துத்தான் உங்கள் ஜெனரேட்டர்கள் கோட் எழுதுகின்றன) ஒரு புலத்தை 'டேட்' என்று குறித்தால் அது ஆண்டு, மாதம், நாள் மட்டும்தான். மணியும் கிடையாது, நேர மண்டலமும் கிடையாது. 'டேட்-டைம்' வேறு. இணையத்தில் தேதி, நேரம் எழுதும் முறையை வரையறுக்கும் ஆர்எஃப்சி 3339-இன்படி அதில் நேரத்தோடு யுடிசி விலகலும் (உலகப் பொது நேரமான யுடிசிக்கு எவ்வளவு முன்னே அல்லது பின்னே என்பது) கட்டாயம். இப்படித் தெளிவாகப் பிரித்து வைத்த இரண்டையும் நீங்கள் உருவாக்கித் தரும் கிளையன்ட் கோட் (சர்வரோடு பேசும் பகுதி) பல நேரம் ஒன்றாக்கிவிடுகிறது.

பிறந்த தேதியையே பாருங்கள். சர்வர் 1990-05-12 என்று அனுப்புகிறது. கிளையன்ட் அதை ஜாவாஸ்கிரிப்டின் டேட் ஆப்ஜெக்டாக மாற்றுகிறது. நேரம் இல்லாத தேதியை ஜாவாஸ்கிரிப்ட் யுடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். அதனால் -05:00 மண்டலத்தில் இருப்பவர் திரையில் மே 11 தெரிகிறது. சர்வருக்குத் தேதியை அனுப்பும்போது பாதிக்கப்படுவது யுடிசிக்குக் கிழக்கே இருப்பவர். காலண்டரில் மே 12-ஐத் தொட்டால் உள்ளூர் நள்ளிரவு கிடைக்கிறது. கிளையன்ட் அதை யுடிசிக்கு மாற்றி, முதல் 10 எழுத்தை மட்டும் வெட்டி அனுப்புகிறது. +05:30-இல் அந்த நள்ளிரவு யுடிசியில் முந்தைய நாள் 18:30. டேட்டாபேஸில் மே 11 ஏறிவிடும். எர்ரர் எதுவும் வராது. பில்ட் சர்வர் யுடிசியில் ஓடினால் டெஸ்டும் பாஸ் ஆகிவிடும். ஒருவருடைய பிறந்த தேதியே மாறிப்போவது சின்ன விஷயமில்லை.

தேதியை மட்டும் வைத்திருக்கும் டைப் பல மொழிகளில் உண்டு: ஜாவாவில் லோக்கல்டேட் 2014-லிருந்து இருக்கிறது. டாட்நெட் 6-இல், 2021-இல், டேட்ஒன்லி வந்துவிட்டது. இவற்றை ஏதோ ஒரு ஆப்ஷனுக்குள் ஒளித்து வைக்காமல் டீஃபால்ட் ஆக்குங்கள். அப்படி ஒரு டைப் இல்லாத மொழியில் ஸ்ட்ரிங்காகவே கொடுங்கள். பார்க்க அழகாக இருக்காதுதான், ஆனால் தப்பான தேதியைவிட எவ்வளவோ மேல்.

அப்புறம், விலகல் இல்லாமல் ஒரு டேட்-டைம் வந்தால் தயவுசெய்து ஊகிக்காதீர்கள். உள்ளூர் நேரம் என்றோ யுடிசி என்றோ நீங்களாக முடிவு செய்யாமல், புலத்தின் பெயரைச் சொல்லி எர்ரர் கொடுங்கள். +05:30 என்று வந்ததைச் சத்தமில்லாமல் யுடிசியாக்கி மூல விலகலைத் தூக்கி எறிவதும் வேண்டாம். எதிர்காலச் சந்திப்புகளுக்கு விலகல் மட்டும் போதாது, மண்டலத்தின் பெயரும் வேண்டும். சரி, அது ஏபிஐயை வடிவமைப்பவர் தனிப் புலமாகச் சேர்க்க வேண்டியது, உங்கள் பொறுப்பில்லை.

இருக்கிற கோட் உடையும் என்பீர்கள். உடையும்தான். அதற்காகத்தானே மேஜர் வெர்ஷன்? அடுத்த மேஜர் வெர்ஷனில் மாற்றி, ரிலீஸ் குறிப்பின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு: உங்கள் டெஸ்டுகளை +14:00 மண்டலமான பசிபிக்/கிரிடிமாட்டியிலும் -11:00 மண்டலமான பசிபிக்/பாகோ_பாகோவிலும் ஓட்டுங்கள். டிஇசட் என்ற சூழல் மாறியை மாற்றினால் போதும்.

அன்புடன்,
உங்கள் கருவிகளைத் தினமும் பயன்படுத்தும் ஒரு டெவலப்பர்